ஒரு மாசமாத்தான்

ஜூன் 11, செவ்வாய்

இது என் டூட்டி நோட்டு. எந்த வண்டியில் எந்த நிறுத்தத்தில் ஏறினேன், எத்தனை டிக்கெட் பார்த்தேன், எந்தக் கண்டக்டர் திருதிருவென்று முழித்தான் என்று பதினெட்டு வருஷமாக எழுதி வருகிறேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் ஏறினால் கடைசி சீட்டுக்காரன்கூட எழுந்து நிற்பான் என்று டிப்போவில் சொல்வார்கள். இன்று முதல் இந்த நோட்டில் ஆஸ்பத்திரி விஷயம். இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் எப்போது என்ன சொன்னார் என்று தேதி போட்டு வைத்தால் பின்னால் ஒருத்தரும் மாற்றிப் பேச முடியாது.

மகள் சுபிக்ஷா. ஒன்பது வயது. பள்ளிக்கூடம் திறந்ததும் ஐந்தாம் வகுப்புப் போக வேண்டியவள். நேற்று சங்கரன்கோவிலிலிருந்து கூட்டி வந்து சேர்த்தோம். இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. நடந்தால் ஒரு பக்கம் சாய்கிறாள். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. தலைக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். நாளைக்குச் சொல்வார்களாம்.

சீட்டுப் போடும் இடத்தில் கேட்டார்கள், எத்தனை நாளாக இருக்கிறது என்று. ஒரு மாதம் என்றேன். வார்டு நர்ஸ் அதையே கேட்டது. ஒரு மாதம். சாயங்காலம் டாக்டர் ஜெமிமா என்று ஒரு சின்ன வயதுப் பெண், கையில் நீள ரிஜிஸ்டரோடு வந்து திரும்பவும் அதையே கேட்டாள். ஒரே கேள்வியை மூன்று இடத்தில் வைத்துக் கேட்பது எங்கள் தொழிலிலும் உண்டு. அது பொய் சொல்பவனைப் பிடிக்க. என்னிடம் எதற்கு என்று தெரியவில்லை.

நான் பதில் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரி வடிவு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 12, புதன்

பெரிய டாக்டர் கூப்பிட்டார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"மூளைத்தண்டுல கட்டி. கண் அசையுறது, முழுங்குறது, மூச்சு விடுறது எல்லாம் அந்த எடத்துலதான் இருக்கு. கத்தி வைக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"பரவுன மாதிரி தெரியுது. ஒரே மாசத்துல பிள்ளைய இந்த நெலமைக்குக் கொண்டாந்திருக்குன்னா வேகமா வளருற வகை. அதுக்கு ஆபரேஷன் கெடையாது. ஆறு வாரம் கரண்ட் வைப்போம், ரேடியேஷன். கொஞ்ச நாளைக்கு நல்லாயிருப்பா."

"கொஞ்ச நாள்னா?"

ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு வருஷம். சிலருக்கு அதுக்கு மேல."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். என் பிள்ளை, என் ஒரே பெண்பிள்ளை, அடுத்த வருஷம் இந்நேரம் இருக்க மாட்டாள் என்று ஒரு ஆள் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொல்கிறார்.

எதனால் வந்தது என்று கேட்டேன். காரணம் தெரியாது என்றார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. காரணம் இல்லாமல் ஒன்றும் நடப்பதில்லை. தெரியாது என்று ஒரு ஆள் சொன்னால், சொல்ல இஷ்டமில்லை என்று அர்த்தம். பஸ்ஸில் இதைத் தினம் பார்க்கிறேன். டிக்கெட் எங்கேய்யா என்றால் தெரியலையே சார், இங்கதான் வெச்சிருந்தேன் என்பான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பலவேசம் மொட்டை மாடியில் மூன்று வருஷம் முன்னால் செல்போன் டவர் வைக்க இடம் கொடுத்தான். சுபி படுக்கும் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே. அன்றைக்கே சண்டை போட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

வார்டில் தலைக்கட்டி என்று இருக்கும் பிள்ளைகள் பதினொன்று. ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பேச்சுக் கொடுத்து விசாரித்தேன். பதினொரு வீட்டுப் பக்கத்திலும் டவர் இருக்கிறது. ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

இதை வடிவிடம் காட்டினேன். சுபிக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"டவர் இல்லாத தெரு எங்கங்க இருக்கு?" என்றாள். "பதினோரு வீட்டுலயும் ரேஷன் கார்டும்தான் இருக்கும்."

இவள் இப்படித்தான். அவனவன் பிள்ளைக்காக உலகத்தையே பிரட்டுகிறான், இவளுக்கு என் பேச்சை மட்டம் தட்டினால் போதும்.

உவரியிலிருந்து வந்திருக்கும் மிக்கேல் நல்ல மனுஷன். கடலுக்குப் போகிறவன். அவன் பையனுக்குப் பின்மண்டையில் கட்டி, ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, இப்போது கரண்ட் வைக்கத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறான். சேர்க்கையன்று வாசல் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் அவன்தான். இன்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "வாசல்ல நான் சொன்னது நல்லதாப் போச்சுல்லா அண்ணாச்சி? ஒரு ஏச்சுப் பேச்சு இல்லாம உள்ள வந்துட்டிய" என்றான்.

அவன் என்ன சொன்னான் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஜூன் 15, சனி

வாந்தி இல்லை. மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம். ஊசி போடுவதால் பசிக்கும் என்கிறார்கள். முகம் உப்பியிருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

டாக்டர் ஜெமிமா வெறும் டாக்டர் இல்லை. தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு வரும் மூளைக்கட்டிகளைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. பன்னிரண்டு வருஷத்துப் பழைய ஃபைல்களைத் தூசி தட்டி எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். எந்த ஊர், என்ன வயது, ஆணா பெண்ணா, கட்டி எந்த இடத்தில், முதலில் என்ன தொந்தரவு, எத்தனை நாள் கழித்து வந்தார்கள். இவ்வளவு விவரம் எதற்கு, யார் கேட்கிறார்கள், முடிவில் யாருக்கு அனுப்புவாள்? டவர்காரனுக்கு அனுப்பினால் நமக்குத் தெரியவா போகிறது.

சுபியின் பல்ஸ் பார்க்கும்போது ரிஜிஸ்டரைக் கட்டிலில் வைத்தாள். தலைகீழாகப் படிப்பது எனக்குக் கைவந்த கலை, கண்டக்டரின் கணக்குச் சீட்டை அப்படித்தான் படிப்பேன். ஒரு பக்கத்தில் இருபத்துநாலு பெயர். அதில் பெண்பிள்ளை ஏழுதான். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு மாதம், ஒரு மாதம், ஒரு மாதம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நாற்பது நாள்.

பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள்? யாரோ மறைக்கிறார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

விடவில்லை. நேராகக் கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"இந்தக் கட்டி பையன்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வரும் சார், அது உண்மைதான். ஆனா இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது. பொண்ணுங்களுக்கும் வருது. இங்க கொண்டு வரலை, அவ்வளவுதான்."

"யாரு கொண்டு வரல?"

"வீட்ல உள்ளவங்கதான்."

அவளே தொடர்ந்தாள். "இன்னொண்ணும் எனக்குப் புரியலை. மத்த எடத்துல எல்லாம் பிள்ளைங்க வந்து சேர நாலு மாசம், ஆறு மாசம் ஆகுது. மொத தலைவலின்னு கண்ணாடி போடுவாங்க, வாந்தின்னு வயித்துக்கு மருந்து குடுப்பாங்க, கயிறு மந்திரிப்பாங்க, பெறகுதான் இங்க. நம்ம பக்கத்துல மட்டும் எல்லாரும் ஒரே மாசத்துல வந்துடுறாங்க. ஒண்ணு, நம்ம ஆளுங்க ரொம்ப உஷாரு. இல்லன்னா யாரோ பொய் சொல்லுதாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

டவரைப் பற்றிக் கேட்டேன். "அதனாலதான்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கலை சார். தெரியாததைத் தெரியாதுன்னுதான் நான் சொல்ல முடியும்" என்றாள். பெரிய டாக்டர் சொன்ன அதே பாட்டு. எல்லாரும் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள். கலெக்டருக்கு மனு எழுதப் போகிறேன்.

ஜூன் 20, வியாழன்

இன்று சுபியின் முகத்துக்கு அச்சு எடுத்தார்கள். கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க, வலை மாதிரி ஒரு முகமூடி. வெந்நீரில் போட்டு எடுத்து முகத்தில் அமுக்கினார்கள். பிள்ளை அழவில்லை. வெளியே வந்து, "மூக்கு மட்டும் அரிச்சுச்சுப்பா" என்றாள். திங்கட்கிழமை முதல் ஆரம்பம்.

மத்தியானம் டாக்டர் ஜெமிமா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். என்னை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் கேட்டாள்.

"சுபிம்மா, உனக்கு எப்போருந்து கண்ணு இப்படி இருக்கு?"

சுபி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். "ஒரு மாசமாத்தான் டாக்டர்" என்றாள்.

"அதுக்கு முன்னாடி தலைவலி, வாந்தி?"

"எல்லாம் ஒரு மாசமாத்தான்."

பதினெட்டு வருஷத்தில் எத்தனை முகம் பார்த்திருக்கிறேன். சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கும் முகம் எனக்குத் தெரியாதா? குரல் கொஞ்சம் உயரும், கண் கொட்டாது. என் பிள்ளை முகத்தில் அதைப் பார்த்தேன். இங்கே வரும் வழியில் பஸ்ஸில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இல்லை, வாசலில் வைத்து. மிக்கேல் சொன்னதை அப்படியே சொன்னேன். மாசக்கணக்காக இருக்குன்னு சொன்னால் டாக்டர்கள் எல்லார் முன்னாடியும் வைத்து ஏசிக் கிழித்துவிடுவார்கள், ஒரு மாசம்னு சொல்லிடு என்று. அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள் போல.

ஜெமிமா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "சார், உங்ககிட்ட இதை ஏன் திரும்பத் திரும்பக் கேக்கேன்னு சொல்லிடுறேன். இந்த எடத்துக் கட்டிய நாங்க சதை எடுத்துப் பாக்கிறதில்ல, ஆபத்து. படத்தையும் எத்தனை நாளா இருக்குங்கிறதையும் வெச்சுத்தான் முடிவு பண்ணுறோம். ஒரு மாசம்னா கெட்ட வகை. ஒரு வருஷமா மெதுவா வந்திருந்தா அது வேற வகையா இருக்க வாய்ப்பு இருக்கு. அதுக்கு வைத்தியமே வேற. படம் எனக்கு நூத்துக்கு நூறு தெளிவா இல்ல. அதான்."

"ஒரு மாசமாத்தான்" என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று ராத்திரி முழுவதும் யோசித்தேன். இது என்னைச் சிக்க வைக்கும் வேலையாகவும் இருக்கலாம். தாமதம் என்று நான் ஒத்துக்கொண்டால் ரிஜிஸ்டரில் ஏறிவிடும். அப்புறம் ஆராய்ச்சி முடிவில் பெற்றவர்கள்தான் குற்றவாளி என்று எழுதுவாள். டவர்காரன் தப்பித்துக்கொள்வான். ஆசை காட்டி வாயைப் பிடுங்குவது நானே கண்டக்டர்களிடம் செய்திருக்கிறேன். ஒத்துக்கோ, ரிப்போர்ட் எழுத மாட்டேன் என்பேன். ஒத்துக்கொண்டதும் எழுதுவேன்.

துணி துவைக்கும் குழாயடியில் வடிவிடம் இதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு உங்களுக்கு வெளங்கலையா? ஒரு வருஷம்னா பிள்ளை பொழைக்கலாம்னு சொல்லுது."

"பொழைக்கும்னு சொல்லலை. வாய்ப்பு இருக்குன்னு சொன்னா."

"அந்த வாய்ப்பு உங்க வாயிலதான் இருக்கு."

பக்கத்தில் பக்கெட் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசு என்றேன். அவள் மெதுவாகப் பேசவில்லை. கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

"நம்ம மூத்தவன் கதிருக்கு ஒரு ராத்திரி காய்ச்சல்னு டாக்ஸி பிடிச்சுப் பாளையங்கோட்டைக்கு ஓடுனீங்க. இவ காலையில காலையில வாந்தி எடுத்தா, பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கான்னீங்க. கோணலா நடந்தா நடிக்கான்னீங்க. எனக்கு ஆளு மொகம் தெரியும்னு சொன்னீங்க. நான் கூட்டிட்டுப் போறேன்னா செல்லம் குடுத்துக் கெடுக்கேன்னீங்க. மூணு மாசமா அவ வலிக்குன்னே சொல்லலைங்க. சொன்னா ஏசுவீங்கன்னு."

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் 22, சனி

மனுவில் தெருக்காரர்கள் கையெழுத்து வாங்க ஊருக்கு வந்தேன். ஒன்பது வீட்டில் போட்டார்கள். வேண்டுமென்றே பலவேசத்தின் வீட்டுக்கும் போனேன். மறுப்பான், அதையும் மனுவில் சேர்க்கலாம் என்று.

அவன் மனுவை வாசிக்கவே இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"என்னவே பாக்கீரு? உம்ம பிள்ளைக்கு நல்லாகும்னா டவரை நாளைக்கே எறக்கச் சொல்லுதேன். எம் பேரனுங்க ரெண்டும் அதுக்கு அடியிலதான் படுக்கானுவ, அவனுங்களுக்கு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் எறக்கச் சொல்லுதேன்." பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னான். "போன தபசுக்கே பிள்ளை சாஞ்சு சாஞ்சு நடந்துச்சு. வாசல்ல நின்னு உம்மகிட்ட சொன்னேன். எம் பிள்ளையக் கண்ணு வைக்காதீருன்னு சண்டைக்கு வந்தீரு."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வருஷம் எங்கள் ஊர்க் கோயில் ஆடித் தபசுத் திருவிழா. ஸ்பெஷல் பஸ்கள் விட்டிருந்தார்கள், நான் டூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு தேரடிக்கு வந்தேன். கூட்டத்தில் சுபியைத் தோளில் தூக்கிக் காட்டினேன். "அம்மன் ரெண்டு தெரியுதுப்பா" என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "ஒண்ணு பக்கத்துல ஒண்ணு" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைக்குக் காட்சி கிடைத்திருக்கிறது என்று ஒரு அம்மா அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான். மறுநாள் பல்பு ரெண்டு தெரியுது, தட்டு ரெண்டு தெரியுது என்றபோது, நேற்று எல்லாரும் கும்பிட்டதும் இவளுக்குத் திமிர் ஏறிவிட்டது, நடிக்கிறாள் என்று நினைத்தேன். தீபாவளிக்குக் கண் முகாமில் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். போட்டும் அப்படித்தான் தெரியுது என்றாள். அன்றைக்கு அடித்தேன்.

தபசு அன்றைக்குத் தேதி ஜூலை முப்பத்தொன்று. இன்றைக்குப் பதினொரு மாதம் ஆகப் போகிறது.

ஜூன் 23, ஞாயிறு

பஸ்ஸில் திரும்பினேன். வழியில் ஒரு செக்கிங் ஏறினான், தெரிந்த பையன், சல்யூட் வைத்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

கரண்ட் வைக்கும் கட்டிடத்தில் காலை எட்டு மணிக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. சுபிக்கு ஐந்தாவது நம்பர். முகமூடியில் அவள் பெயரை ஒட்டி வைத்திருந்தார்கள். மிக்கேல் பையனோடு எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தான். மூன்றாவது நம்பர் உள்ளே போனதும் ஜெமிமா ரிஜிஸ்டரோடு வந்தாள்.

எழுந்து நின்றேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தனியாகக் கூப்பிட்டால் நடுவழியில் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது, அதனால் அங்கேயே சொன்னேன்.

"டாக்டரம்மா. ஒரு மாசம்னு சொன்னது பொய். பதினோரு மாசம்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "திரும்பச் சொல்லுங்க."

"போன ஆடித் தபசுல ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னா. ஐப்பசில கண்ணாடி போட்டோம். பொங்கல் கழிச்சு நடை சாஞ்சுச்சு... இல்ல, நடை தபசுக்கே சாஞ்சதாப் பக்கத்து வீட்ல சொல்லுதாங்க. நான் நம்பலை. மாசியிலருந்து காலையில வாந்தி. பிள்ளை எல்லாத்தையும் அப்பப்ப சொன்னா. நான்தான் நடிக்கான்னு விட்டுட்டேன். அவகிட்டயும் ஒரு மாசம்னு சொல்லச் சொன்னது நான்தான்."

வடிவு சுபியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுபி என்னை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யை அவள் ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தாள், நான் உடைத்துவிட்டேன்.

ஜெமிமா ஏசவில்லை. பெஞ்சில் என் இடத்தில் உட்கார்ந்து, மாதம் மாதமாகத் திரும்பக் கேட்டு எழுதினாள். கண்ணாடிச் சீட்டு இருக்கிறதா என்றாள். ஊரிலிருந்து எடுத்து வந்திருந்தேன், கொடுத்தேன். வாசித்ததும் உள்ளே ஓடி, அஞ்சாம் நம்பரை இன்னைக்கு எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

பெரிய டாக்டர் ஏசினார். அறைக்குள் இல்லை, வெளியே வந்து, பெஞ்சு முன்னால் நின்று. "படிச்ச ஆளுதானய்யா நீங்க? பிள்ளைய விட உங்க மானம் பெருசா? இந்நேரம் தப்பான வைத்தியத்தை ஆரம்பிச்சிருப்போம்." நான் பயந்தது இதற்குத்தான். கேட்டுக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருஷம் நான் பஸ்ஸில் வைத்து எத்தனை பேரை இப்படி ஏசியிருக்கிறேன், அவர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏசி முடித்துவிட்டுக் குரலை இறக்கினார். "பதினோரு மாசம் கழிச்சும் பிள்ளை நடந்துதான் வந்திருக்கா. அப்போ இது மெதுவா வளருற வகையா இருக்கலாம். உறுதி இல்ல. ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பாக்கணும். அதுலயும் ஆபத்து இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவில்லை. வடிவு ஏற்கெனவே தலையை ஆட்டிவிட்டாள்.

அவர் போனதும் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருத்தர் என் பக்கம் திரும்பினார். "உம்ம பிள்ளைக்கு வேணும்னா நீரு சொல்லும். எல்லாரும் வாசல்ல சொல்லிக் குடுத்துத்தான் சொல்லுதோம்னு இப்போ வெளிய தெரிஞ்சிரும்லா? இனி ஒவ்வொருத்தரையா நிறுத்தி வெச்சு ஏசுவாரு." மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மிக்கேல் மட்டும் ரொம்ப நேரம் பையனின் தலைக்கட்டைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து ஜெமிமாவிடம் போனான்.

"எம் பயலுக்கு எட்டு மாசம், டாக்டரம்மா" என்றான். "அவனுக்கு இனி எதுவும் மாறாதுன்னு தெரியும். சும்மா எழுதி வெச்சுக்கோங்க."

அவள் பழைய பக்கத்தைப் புரட்டி அவன் பெயரைத் தேடினாள். கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு எழுதினாள்.

ஜூன் 26, புதன்

சம்மதக் கையெழுத்துப் போட்டேன். மனு பையிலேயே இருக்கிறது. டவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் போகவில்லை. ஆனால் இப்போது அது என் முதல் வேலை இல்லை.

ஜூன் 29, சனி

சுபிக்கு முடி எடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, கதிர் அண்ணன் மாதிரி இருக்கேன் என்றாள். வடிவு சிரித்தாள், பிறகு பாத்ரூமுக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

நேற்று ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். மூன்றரை மணி நேரம். வெளியே கொண்டு வந்தபோது மூச்சு ஒழுங்காக இருந்தது. இரண்டு கையையும் அசைத்தாள்.

இன்று காலை ஜெமிமா வந்தாள். முகத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"முதல் பார்வைக்கு மெதுவா வளருற வகை மாதிரிதான் இருக்கு. முழு ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகும். அது வரைக்கும் சந்தோஷமும் படாதீங்க, அழவும் செய்யாதீங்க. அப்படியே இருந்தாலும் இது லேசான நோய் இல்ல, வருஷக்கணக்கா வந்து போகணும்."

வருஷக்கணக்காக என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும், அவள் சொன்னதற்கு விரோதமாக அழுதுவிட்டேன், வார்டே பார்த்தது. பதினொரு மாதத்துக்கு முன்னாலேயே கொண்டு வந்திருந்தால் கண்ணும் நடையும் மிஞ்சியிருக்குமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றாள். பூசி மெழுகவில்லை.

மத்தியானம் வடிவு சாப்பிடப் போயிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் இந்த நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். சுபி முழித்தாள். கட்டுப்போட்ட இடத்தில் கையை வைத்தாள்.

"அப்பா, வலிக்கி" என்றாள்.

நோட்டை மூடி நிமிர்ந்தேன். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள். கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, அவசரமாகச் சொன்னாள்.

"நெசமாத்தாம்ப்பா."

நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.